பங்கு போடாத பெயர்

1

என் வீட்டுக்காரருடைய முதல் திவசத்தன்றுதான் மில் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். ஐயர் இன்னும் கிளம்பவில்லை. இலை போட்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று சொன்னார். கட்டடத்தை விற்றாயிற்று, இடித்து மாடி வீடுகள் கட்டப்போகிறார்கள், இரண்டு மாதத்தில் மில்லை எடுத்துவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கை மகன் சங்க மலருக்கு எழுதச் சொல்லி வெகுநாளாகக் கேட்கிறான். கொழும்பு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் பெரியம்மா, கடல், கோயில், சாப்பாடு என்று எதையாவது எழுதுங்கள் என்கிறான். எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்தது மில். அந்த மில்லைக் கம்பனியாக்கப் பெயர் தேடி அலைந்ததை எழுதுகிறேன்.

மில் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஒரு முன்னறை. மிளகாய் அரைக்க ஓர் இயந்திரம், மா அரைக்க ஓர் இயந்திரம். வீடுகளில் வறுத்த மிளகாய், மல்லி, சீரகம் கொண்டுவருவார்கள். அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவோம். ஒருவருடைய தூளை அரைத்து முடித்ததும் ஒரு பிடி பச்சரிசி போட்டு ஓட்டுவேன். உள்ளே ஒட்டியிருக்கிற தூளும் வாசமும் அந்த அரிசியோடு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அடுத்தவருடையது. பல மில்களில் இதைச் செய்ய மாட்டார்கள். அரிசி வீண் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சிவந்த மாவில் அடை சுடுவோம். ஊரில் இருக்கிற எல்லார் வீட்டுக் குழம்பையும் நாம்தான் சாப்பிடுகிறோம் என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

இந்த ஒரு பிடி அரிசிக்காகவே வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோ பிடித்து வருகிறவர் பரமேஸ் அக்கா. யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய தம்பி லண்டனில் கடை வைத்திருக்கிறார். அக்கா அனுப்புகிற தூளைப் பார்த்துவிட்டு மாதா மாதம் எங்களிடமே அரைத்து எடுக்கிறேன் என்று தம்பி சொல்லியிருந்தார். கப்பலில் போகிற சரக்கு. கம்பனி பெயரில் பில் வேண்டும். கட்டடம் போகிறது என்று சொன்னதும் அக்கா தன் வீட்டுப் பின்பக்கத்து வாகனக் கொட்டகையை வாடகைக்குத் தரவும் சம்மதித்தார். அதற்கும் கம்பனிதான் கேட்டார்.

"நீர் இடத்தை விட்டு எழும்ப மாட்டீர் எண்டு நான் சொல்லேல்லை சாந்தி. லோயர்தான் சொல்றார், தனி ஆளுக்குக் குடுத்தா பிறகு எழுப்பேலாதாம். கம்பனிக்கெண்டால் பயமில்லையாம்."

ஆகக் கம்பனி இருந்தால் இடமும் உண்டு, வேலையும் உண்டு. இல்லாவிட்டால் இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். எனக்கு ஐம்பத்தொரு வயது. வேறு தொழில் தெரியாது. தூத்துக்குடிக்குத் திரும்பித் தங்கை வீட்டில் ஒரு மூலையில் உட்கார வேண்டும். மகள் என்னோடு வர மாட்டாள். அவளுக்கு அதுதான் வெளிநாடு.

2

கம்பனி பதிய ஒரு செயலாளர் வேண்டும் என்றார்கள். கொம்பனித்தெருவில் நஸீர் நானா இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். பழைய கட்டடம், மரப் படி. அவருடைய ஜன்னலைச் சுற்றி உயரக் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட்டன. பகலிலும் விளக்கு எரிந்தது.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஏற்கெனவே பதிந்த பெயர் கூடாது. அதைப் போலத் தோன்றுகிற பெயரும் கூடாது. இலங்கை, தேசியம் மாதிரிச் சொற்கள் வந்தால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் பிரைவேட் லிமிட்டட் என்று முடிய வேண்டும். இரண்டு மூன்று பெயர் யோசித்து வந்தீர்களா என்று கேட்டார்.

எதற்கு இரண்டு மூன்று? எங்களுக்குத்தான் பெயர் இருக்கிறதே. மில் வாசலில் ஐம்பது வருஷமாகத் தொங்குகிறது. ஆறுமுகம் அன் சன்ஸ். ஆறுமுகம் என் மாமனார்.

அவர் கம்பியூட்டரில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஈக்கிது அக்கா. எட்டு வருஷத்துக்கு முந்தியே பதிஞ்சீக்கிது. வெள்ளவத்தை அட்ரஸ்."

யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கொழுந்தன் கதிரேசன். வீட்டுக்காரருடைய ஒரே தம்பி. வெள்ளவத்தையில் பிளாஸ்டிக் சாமான்களும் அலுமினியச் சட்டிகளும் விற்கிறார்.

மாமனார் இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தார்கள். உறவில் நாலு பெரியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மில் அண்ணனுக்கு, கடை தம்பிக்கு. தராசு எங்களுக்கு, இரும்புப் பெட்டி அவர்களுக்கு. லட்சுமி படம் எங்களுக்கு, முருகன் படம் அவர்களுக்கு. அகப்பையைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். இரட்டையாக இல்லாத ஒரு குத்துவிளக்குக்கு அரை நாள் பேசினார்கள். பெயரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது ஒரு சாமான் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொட்டாஞ்சேனையிலும் அதே போர்டு தொங்கியது, வெள்ளவத்தையிலும் அதே போர்டு தொங்கியது. சரக்குக் கொண்டுவருகிறவன் மட்டும் எந்த ஆறுமுகம் என்று கேட்பான். மிளகாய் ஆறுமுகம், பிளாஸ்டிக் ஆறுமுகம்.

கொழுந்தன் சட்டப்படி பதிந்திருக்கிறார். அது களவு இல்லை. நாங்கள் பதியவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் கம்பனி ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம் என்றார் நஸீர் நானா. சொந்தக்காரர்தானே, கொடுப்பார் என்றார். அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

3

கொழுந்தன் கெட்டவர் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவும் பகலும் நின்றவர். கொள்ளி வைத்தவரும் அவர்தான். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை.

கடைக்குப் போனேன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். தேத்தண்ணி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துத் தூசு தட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது அப்பாட பேர் மதினி. அண்ணன் இருந்திருந்தா கேக்காமலே எழுதிக் குடுத்திருப்பேன்."

"அண்ணன் இல்லையே தம்பி. நான்தான் இருக்கேன்."

"அதைத்தான் மதினி சொல்றேன்."

அதற்கு மேல் அவர் சொன்னதில் கோபம் இல்லை. நாளைக்கு என் மகள் தர்ஷி கட்டிக்கொண்டு போகிற வீட்டுக்கு அந்தப் பெயரும் போய்விடும், யார் யாரோ ஆறுமுகம் என்று கையெழுத்துப் போடுவார்கள் என்றார். மில்லை விட்டுவிட்டு இங்கே மேல்மாடிக்கு வந்துவிடுங்கள், சோற்றுக்கு என்ன குறை என்றார். போகும்போது ஒரு சோப்புப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கடல் பக்கம் போகிற ஒழுங்கையில் இறங்கி நின்றேன். ரயில் ஒன்று போனது. அது போய் முடியும் வரை நின்றேன். பரமேஸ் அக்கா வீடு அடுத்த ஒழுங்கை. போகவில்லை. போனால் என்ன சொல்வது? திரும்பி வந்து பஸ் ஏறினேன்.

4

மகள் தர்ஷி அப்போது நுகேகொடையில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கம்பியூட்டர். வேலைக்குப் போடுகிற உடுப்பை மில் வாசம் பிடிக்காதபடி பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைப்பாள். காலையில் வெளியே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மில் வாசலைத் தாண்டுவாள். அம்மா என்ன செய்கிறார் என்று கந்தோரில் கேட்டால் ஃபுட் இன்டஸ்ட்ரி என்று சொல்வாளாம். அவளுடைய சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், உங்கள் பாக்டரி எங்கே என்று. நான் முன்னறையைக் காட்டினேன்.

தொலைபேசியில் அவள் சிங்களத்தில் சிரித்துக் கதைப்பாள். என்னோடு தமிழில் தேவையானதைப் பேசுவாள். தமிழில் சிரிக்கிற மாதிரி எங்களுக்குள் அதிகம் எதுவும் இல்லை. ஆனால் பெயர் விஷயம் என்றதும் உட்கார்ந்தாள். அதை ஓர் அலுவலக வேலை மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"அப்பாட பேர் போடுவோம். சிம்பிள்."

என் வீட்டுக்காரர் பெயரை நான் இதுவரை சொன்னது கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் அட்டையைத்தான் நீட்டினேன். இங்கேயும் எழுதவில்லை. கை வராது. அந்தப் பெயரில் கம்பனி வந்தால் தினமும் போன் எடுத்து எப்படிச் சொல்வேன் என்று ஒரு பக்கம் பயம். ஆனாலும் போடு என்றேன். சில நாளில் பதில் வந்தது. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது, இடமில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு மூச்சு வந்ததற்காக வெட்கமாக இருந்தது.

அடுத்தது சாந்தி. எல்லாரும் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். சாந்தி என்ற பெயரில் நகைக்கடை முதல் சவப்பெட்டிக் கடை வரை இருந்தது. மகள் இங்கிலீஷில் சில பெயர் கட்டினாள். ஸ்பைஸ் அது, ஸ்பைஸ் இது. எல்லாவற்றிலும் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள். யாழ் என்று போட்டால் லண்டனில் பறக்கும் என்று பரமேஸ் அக்கா சொன்னார். நான் தூத்துக்குடிக்காரி, எப்படிப் போடுவது என்றேன். தூள் எங்கட, பிறகென்ன என்றார். அதுவும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு ஓட்டோக்காரர் லங்கா என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நஸீர் நானா தலையில் கை வைத்தார்.

"மசாலால பேரு முடிஞ்சி அக்கா. வேற யாவாரம் செய்ங்க."

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். நான் அன்றிரவு படுத்துக்கொண்டு வேறு என்ன வியாபாரம் என்று உண்மையாகவே யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

ஊரில் அப்பா துறைமுகத்துப் பண்டகசாலையில் மூட்டைகளுக்குக் குறி போடுகிறவர். ஒவ்வொரு வியாபாரிக்கும் தகரத்தில் வெட்டிய எழுத்து இருக்கும். அதைச் சாக்கில் வைத்து மேலே கறுப்பு மையைத் தேய்ப்பார். பள்ளி விட்டு வந்து நான் தகரத்தைப் பிடித்துக்கொள்வேன். வெங்காயம், மிளகாய் எல்லாம் கொழும்புக்குப் போகும். எழுத்துத் தெரியாத சுமைக்காரர்கள்கூட அந்தக் குறியைப் பார்த்து இது இன்னாருடையது என்று சரியாக இறக்குவார்கள். பெயர் என்றால் எனக்குத் தெரிந்தது அது. தகரத்தை வெட்டினால் பெயர் வந்துவிடும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு மாதம் போய்விட்டது. கட்டடத்தை வாங்கியவர்கள் வந்து அளவு எடுக்கத் தொடங்கினார்கள். நாங்கள் உள்ளே அரைத்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள்.

5

பெயர் கிடைக்கிறதோ இல்லையோ, மற்றக் காகிதங்களை எடுத்து வையுங்கள் என்றார் நஸீர் நானா. இந்த விலாசத்தில் இருக்கிறேன் என்று கிராம சேவகரிடம் சான்று வேண்டும். போனேன். இளம் பெண், சிங்களம். நல்ல பிள்ளை.

பெயர் கேட்டாள். சாந்தி என்றேன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். இசக்-கி-யம்-மாள். நிமிர்ந்து, மே கவுத என்றாள். இது யார் என்று அர்த்தம்.

ஏக மம தமய் என்றேன். அது நான்தான்.

அப்படியானால் சாந்தி யார் என்று கேட்டாள். என்னுடைய சிங்களம் மிளகாய் விலை சொல்லப் போதும். இதற்குப் போதவில்லை. மாமியார் பெயர், அதனால் மாற்றினார்கள் என்று சொல்ல நினைத்து, நெந்தம்மாகெ நம என்று மட்டும் சொன்னேன். மாமியார் பெயர் என்றதும் அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டாள். செத்துப்போன மாமியாருடைய அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். உங்கள் அட்டையைக் கொண்டுவாருங்கள் என்றாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அட்டையில் இருக்கிற படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். எங்கள் முகங்கள் எல்லாம் அவளுக்கு ஒன்றுபோல இருந்திருக்கும்.

மகளுக்குப் போன் போட்டேன். அரை நாள் லீவு போட்டு நுகேகொடையில் இருந்து வந்தாள். வந்ததும், உங்களுக்கு ஏன் ரெண்டு பேர் என்று கேட்டாள். அட்டையில் வேறு பெயர் இருப்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்று இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அந்த வரிசையில் நின்றபடியேதான் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் இசக்கியம்மன் பெயரை வைக்காத வீடு கிடையாது. தெருவில் நின்று இசக்கி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். என் மாமியாரும் அந்தப் பக்கத்தில் பிறந்து கொழும்புக்கு வந்தவர்தான். அவரும் இசக்கியம்மாள். கல்யாணம் தூத்துக்குடியில் நடந்தது. கொழும்பு வந்து மூன்றாம் நாள் அடுப்படியில் மாமியார் சொன்னார்.

"இந்த வீட்டுல ஒரு இசக்கியம்மாதான். ஒன்னைய வையணும்னா எம்பேரச் சொல்லியா வைவேன்? எம்மவன் பெத்தவ பேரச் சொல்லியா பொண்டாட்டியக் கூப்பிடுவான்?"

நியாயம்தான். எங்களுக்குள் வழக்கமும் அதுதான். பக்கத்து வீட்டில் அப்போது ஒரு குழந்தை பிறந்திருந்தது. சாந்தி என்று வைக்க யோசித்து, எண் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெயர் சும்மா கிடந்தது. மாமியார் அதை எனக்கு வைத்தார். அன்று மாலைக்குள் தெரு முழுக்க நான் சாந்தி. வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட்டார். மாமியார் செத்து வருஷங்கள் ஆன பிறகும் யாருக்கும் பழையது ஞாபகம் வரவில்லை. கூப்பிட்டால் நானே திரும்பியிருப்பேனா தெரியாது.

மகள் அதைக் கேட்டுக்கொண்டாள். மேசைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சிங்களத்தில் சொன்னாள். என் கதை எனக்கே புரியாத வேகத்தில் ஓடியது. நடுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்து, அவளுடைய மாமியாரும் இப்படித்தான் என்பது போல ஏதோ சொல்லி, கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போன பிறகு மகள் கேட்டாள்.

"அம்மா, இந்தப் பேரை கொழும்பில யார் வச்சிருக்கப் போறாங்க?"

6

அவள் சொன்னது சரி. யாரும் வைத்திருக்கவில்லை. இசக்கியம்மாள் மில்ஸ் பிரைவேட் லிமிட்டட். நஸீர் நானா போன் போட்டார். கிடைத்துவிட்டது என்றார். இந்தப் பெயரைத் தட்டவே அவருக்கு மூன்று தரம் பிழை வந்ததாம்.

நான் மல்லி மூட்டை மேல் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கழுத்தில் இருந்து ஒரு கை எடுத்த மாதிரி இருந்தது. பரமேஸ் அக்கா அக்ரிமென்ட் அடிக்கக் கொடுத்தார். கொட்டகையில் இயந்திரம் நிற்கச் சீமெந்து மேடை போட்டோம். கட்டடத்தை விட இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் நஸீர் நானா சொல்லி வைத்தார். பதிந்த பிறகும் யாராவது சரியான காரணம் காட்டி எழுதினால் பெயரை மாற்றச் சொல்லலாம். மாற்றினால் பில், அக்ரிமென்ட், லண்டன் காகிதம் எல்லாம் முதலில் இருந்து. அதற்கு நேரம் இல்லை.

பரமேஸ் அக்கா சாமான் வாங்குவது கொழுந்தன் கடையில். சட்டி வாங்கப் போன இடத்தில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார், உங்கட அண்ணி இசக்கியம்மாள் எண்டு கம்பனி துவங்கிறா என்று. அன்று மாலையே போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் மதினி என்றார் கொழுந்தன். வேறு ஒரு வார்த்தை இல்லை. வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவருடைய அம்மா பெயர். அவருக்கு என் பழைய பெயர் தெரியாது. கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, பரீட்சை என்று கொழும்பிலேயே இருந்தார். அவர் முதன்முதலில் என்னைப் பார்த்தபோதே நான் சாந்தி. அப்பா பெயரைத் தரவில்லை என்றதும் அம்மா பெயரை எடுத்துக்கொண்டாள் என்றுதானே நினைப்பார்? அந்த வாரம் நான் ஒரு வீட்டு மிளகாயைக் கருக்கிக் கொடுத்தேன். வறுத்து அரைத்துக் கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி. கோயிலுக்குப் போய்விட்டு வந்த நெற்றி. உட்கார்ந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். தொடவில்லை.

"அம்மாட பேர எடுத்திருக்கீங்க."

நான் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"யாரக் கேட்டு எடுத்தீங்கன்னு கேக்கத்தான் மதினி புறப்பட்டேன். லோயர்கிட்டையும் கதைச்சிட்டேன். எழுதிப் போடலாம்னு சொன்னாரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கோயில்ல நிக்கக்குள்ள யோசிச்சேன். அப்பா பேர நான் பதிஞ்சேன். எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அப்பா பேர்தான். அம்மா இந்த மில்லுல நின்னே செத்தா. அவ பேர ஒரு சாக்குல கூட எழுதல்ல. பெத்த மகன் எனக்குத் தோணல்ல. எங்கயோ இருந்து வந்த மருமக நீங்க வச்சிருக்கீங்க."

அவர் அழுதார். வீட்டுக்காரர் செத்தபோதுகூட இப்படி அழவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவ உங்கள எவ்வளவு பாடு படுத்தினா என்று துண்டுக்குள் இருந்தே சொன்னார்.

"சித்தப்பா, அது வந்து..." என்று மகள் வாயெடுத்தாள்.

"தர்ஷி, சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற ஊத்திக்கொண்டா."

அவள் நின்றாள். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொழுந்தன் இரண்டாவது கோப்பையைக் குடித்தார். இயந்திரங்களை ஏற்றி இறக்க லொறி அனுப்புகிறேன் என்றார். லோயரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். வாசலில் என் காலைத் தொடக் குனிந்தார். நான் விலகிக்கொண்டேன். அது எனக்கு உரியது இல்லை.

அவர் போனதும் மகள் கேட்டாள்.

"ஏன்மா சொல்லல்ல? அது உங்கட பேர்."

"சொன்னா என்ன ஆகும்?"

அவள் யோசித்தாள். படித்த பிள்ளை, விளங்கிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு வச்சதுன்னு வந்து அழுதவர், இல்லைன்னு தெரிஞ்சா லோயர்ட்ட போவார்."

"மில் ஓடணும்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

அன்றைக்கு அவள் மூச்சைப் பிடிக்காமல் முன்னறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் மெல்பர்னில் படிக்க விண்ணப்பம் போடப்போகிறேன் என்று அங்கே இருந்துதான் சொன்னாள். சரி என்றேன்.

7

வெள்ளவத்தையில் மில் ஓடுகிறது. லண்டனுக்கு மாதா மாதம் பெட்டி போகிறது. பெட்டியில் அந்தப் பெயர் மூன்று மொழியிலும் அடித்திருக்கிறது.

திறந்த அன்று கொழுந்தன் குடும்பத்தோடு வந்தார். கையில் பழைய படம் ஒன்று, புதிதாகப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருந்தார். மாமியார். மூக்குத்தி, இறுகிய வாய். என்னை வைவதற்குச் சற்று முந்தி இருக்கிற முகம். தானே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்து, போர்டுக்கு நேர் கீழே வாசலில் மாட்டினார். மாலை போட்டார். வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். அவர் அன்றைக்குப் பாயில் உட்கார்ந்து பாகம் பிரித்தவர்.

இவாவோ இசக்கியம்மாள் என்று புதிதாக வருகிற பெண்கள் கேட்பார்கள். ஓம் என்பேன். நல்ல தெய்வீகமான முகம் என்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்பேன்.

கம்பனிக் காகிதங்களில் மட்டும் நான் கையெழுத்துப் போடுகிறேன், இசக்கியம்மாள் என்று. வருஷத்துக்குச் சில தரம். கை இன்னும் பழகவில்லை. மகள் மெல்பர்ன் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். நஸீர் நானாவுக்குத் தெரியும், அவர் காகிதத்தோடு சரி. இந்த மலர் கொழும்புக்கு வராது என்று தங்கை மகன் சத்தியம் செய்த பிறகுதான் எழுதினேன்.

ஊரிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வாருங்கள். வெள்ளவத்தையில் இறங்கிச் சாந்தியின் மில் என்று கேளுங்கள். வழி காட்டுவார்கள். இசக்கியம்மாளைப் பார்க்க வேண்டும் என்றால் படத்தைக் காட்டுவார்கள்.